ஏற்றுக்கூலி

ஒழுங்கையில் லொறிச் சத்தம் கேட்டதும் அவள் கொட்டில் கூரையின் வளையிலிருந்து முதல் வெங்காயப் பிடியை அவிழ்த்தாள்.

சாக்கை விரித்தாள். கத்தியோடு உட்கார்ந்தாள்.

கணவர் படலையைத் திறக்கப் போனார். கொஞ்சம் வேகமாகத்தான் போனார்.

வியாபாரி நிமலன் கொட்டிலுக்குள் வந்து அண்ணாந்து பார்த்தான். தாளோடு சேர்த்துக் கட்டிய வெங்காயப் பிடிகள் வளை முழுக்கத் தொங்கின. எல்லாம் விதை வெங்காயம். பார்த்தவனுக்கு வாயூறியது.

ஊரில் வேறு எவரிடமும் இல்லை. காலம் தப்பிய மழை, நின்ற பயிரை அழுகவைத்தது. நிலத்தில் குவித்து வைத்த விதையையும் அழுகவைத்தது. வெளிநாட்டு வெங்காயத்துக்கு அரசாங்கம் தடை போட்டிருந்தது. சந்தையில் விலை கேட்டவர்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

இல்லாவிட்டால் நிமலனாவது, வீடு தேடி வருவதாவது.

"அக்கா, கிலோ அறுநூறு. கையில காசு."

அவள் ஒரு வெங்காயத்தின் தலையை நறுக்கினாள்.

தலை நறுக்கித்தான் நடுவார்கள். முளை சீக்கிரம் வரும். ஆனால் நறுக்கியதைச் சந்தையில் எவரும் வாங்கமாட்டார்கள். அது மண்ணுக்குள் போயாக வேண்டும்.

நிமலனுக்கும் அது தெரியும்.

"அறுநூற்றைம்பது."

அவள் இன்னும் மூன்றை நறுக்கினாள்.

கணவர் அவளைப் பார்த்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் எரிந்து கிடக்கிறது. விற்றால் மோட்டர் வரும். நட்டால் அடுத்த வீட்டு மோட்டருக்குக் கெஞ்ச வேண்டும். விளைந்ததைக் கிண்டி எடுக்கிற நேரம் பார்த்துத் தடையை எடுத்துவிட்டார்கள் என்றால் எல்லாம் போச்சு.

நியாயமான பயம். அவளுக்கும் அதே பயம்தான். மனம் மாறுவதற்குள் நறுக்கிவிட வேண்டும் என்றுதான் இந்த அவசரம்.

போன போகம் அப்படித்தான் நடந்தது. இவர்கள் வெங்காயம் கிண்டிய வாரம் கொழும்புக்குக் கப்பல் வந்தது. சந்தை நிறையப் பம்பாய் வெங்காயம். இதே நிமலன், இதே படலையில், லொறியை விட்டு இறங்காமலே சொன்னான்.

"சும்மா தந்தாலும் ஏத்துக்கூலி கட்டாது, அண்ணை."

அன்று கணவர் மூட்டைகளை அவிழ்த்து மாட்டுக்குக் கொட்டினார். மாடும் திரும்பிப் பார்க்கவில்லை.

மிஞ்சியதில் நல்லதாகப் பொறுக்கி, இவள்தான் பிடி கட்டி மேலே ஏற்றினாள்.

"எழுநூறு. அண்ணை, நீங்களாவது ஒரு சொல் சொல்லுங்கோவன்."

கணவர் வாயைத் திறந்தார்.

அவள் நிமிரவில்லை.

"நான் ஒண்டு கேக்கிறன், தம்பி. இதை வித்துப்போட்டு, நாளைக்கு விதைக்கு உங்களிட்டை வந்து நிண்டால் என்ன விலை சொல்லுவீங்கள்?"

நிமலன் சிரித்தான்.

சிரித்தானே தவிர, விலை சொல்லவில்லை.

கணவர் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அடுத்த பிடியை அவிழ்த்தாள். சருகு பறந்தது. கண் எரிந்து நீர் வழிந்தது. அழுகிறாள் என்று நிமலன் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்து எத்தனையோ நாள்.

குவியல் வளர்ந்தது.

வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். நிமலன் வளையை ஒருமுறை பார்த்தான், சாக்கை ஒருமுறை பார்த்தான். குரல் இறங்கியது.

"சரி அக்கா. பாதியாவது தாங்கோ."

அவள் பதில் சொல்ல நிமிர்ந்தாள்.

அதற்குள் கணவர் கையை நீட்டி, வளையிலிருந்து ஒரு பிடியை இறக்கிவிட்டார். நிமலனின் கண் மலர்ந்தது. அவனும் கையை நீட்டினான்.

"பாதிக்கு ஏத்துக்கூலி கட்டாது, தம்பி."

சொல்லிவிட்டுச் சாக்கின் மறுபக்கம் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிடியை மடியில் வைத்துக்கொண்டார்.

"இஞ்சேரும், மற்றக் கத்தி எங்கை?"