மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை

காலை பத்து மணிக்கு, நீச்சல்குளத்தின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் முந்நூறு பேர் துண்டும் கையுமாக நின்றிருந்தார்கள்.

பிள்ளைகள் சிலர் காற்றடைத்த ரப்பர் வளையத்தை வீட்டிலிருந்தே இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய நகர்மன்றத் தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, மரநிழலில் நகராட்சி ஆணையரோடு நின்றிருந்த பிழையம்மாவைப் பார்த்தார்.

பிழையம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். நகராட்சியின் மாதச் செய்திமடலை இருபத்தெட்டு வருடமாகத் தயாரிப்பவர். எந்தத் துறையிலிருந்து குறிப்பு வந்தாலும், ஒற்றெழுத்து விட்டுப்போன இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆணையரின் சுற்றறிக்கையே இரண்டு தடவை அப்படித் திரும்பிப் போயிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவர் போட்ட கோடைச் சிறப்பிதழில்தான், மூன்றாம் பக்கத்தில், நாய்களுக்கான தடுப்பூசி முகாமுக்கும் குடிநீர் வரும் நேரங்களுக்கும் நடுவே அந்த வரி வந்திருந்தது.

‘நகராட்சி நீச்சல்குளம் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும். அனுமதி இலவசம்.’

செய்திமடலை யாரும் படிப்பதில்லை. வீட்டுக்கு வீடு போடுவார்கள்; அலமாரித் தட்டில் விரிக்கக் கச்சிதமான அளவு. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் ஊரே படித்திருந்தது.

வெயில் அப்படி.

பழைய குளத்தை மூடிப் புதிதாகக் கட்டி முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. நீல ஓடு பதித்தாயிற்று. மோட்டார் இறுகிவிடக் கூடாதென்று தண்ணீர்கூட நிரப்பி, வாராவாரம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வேலைக்கு எடுத்த இரண்டு உயிர்காப்பாளர்கள் கழுத்தில் விசிலோடு உள்ளே கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

குறை ஒன்றே ஒன்றுதான். நாடா வெட்ட வேண்டிய அமைச்சரிடம் தேதி கிடைக்கவில்லை. கல்வெட்டில் நான்கு முறை தேதி செதுக்கி, நான்கு முறையும் சிமென்ட் பூசி மூடியிருந்தார்கள்.

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “யாரும்மா இதைப் போடச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. பழைய குளம் மூடுறதுக்கு முன்னாடி வந்த இதழ்லேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. நான் கவனிக்கலை.”

தலைவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் ஆணையர் பாய்ந்தார்.

அவருக்குப் பிழையம்மாவின் மகன் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

“இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்! ஒரு பக்கத்தை ஒழுங்காப் படிச்சுப் பார்க்க முடியலையா உங்களால? மூணு மாசத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க. கையில மெமோவோட வீட்டுக்குப் போகணும்னு ஆசையா?”

கூட்டத்தின் தலைகளெல்லாம் மரநிழல் பக்கம் திரும்பின.

மெமோ ஒன்று கோப்பில் ஏறிவிட்டால் ஓய்வூதியக் காகிதங்கள் எந்த மேசையிலும் நகராது. அது பிழையம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் செருப்பு நுனியைப் பார்த்தபடி, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றார்.

பார்க்கத் தலைவருக்கே பாவமாகிவிட்டது. “சரி விடுங்க சார், வயசானவங்க” என்று ஆணையரை அடக்கிவிட்டு, கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பத் திரும்பினார். தொண்டையைச் செருமினார். கைகூப்பினார்.

முன்வரிசையில் நின்ற தையல்கடை அக்கா முந்திக்கொண்டாள்.

“பார்த்தீங்களா, தலைவரே நேர்ல வந்துட்டாரு! அமைச்சர் கிமிச்சர்னு இழுத்தடிக்கிற ஆளு இவரில்லைன்னு நான் அப்பவே சொன்னேன்ல?”

கைதட்டல் எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். முந்நூறு துண்டுகளுக்கு மேலே கைப்பேசிகள் உயர்ந்தன.

தலைவரின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

தேர்தலுக்கு ஐந்து மாதம் இருந்தது.

அந்த வாய் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பாக மாறியதை எல்லாரும் படம் பிடித்தார்கள். சாவிக்காகக் கையை நீட்டினார். காவல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். நாடா இல்லாததால் யாரோ ஒரு பூப்போட்ட துண்டைக் கேட்டுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தார்கள். கத்தரிக்கோலும் இல்லை. தலைவர் துண்டைத் தூக்கிவிட்டு, அதற்கு அடியில் குனிந்து உள்ளே போனார். பின்னாலேயே ஊரும் குனிந்தது.

உயிர்காப்பாளர்கள் கேரம் பலகையைத் தள்ளிவிட்டு ஓடினார்கள்.

தொபுக்கென்று முதல் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தங்களை எண்ண முடியவில்லை. ஒன்றரை வருடமாக யாரும் இறங்காமல் கிடந்த தண்ணீர் மதிலைத் தாண்டித் தெருவில் தெறித்தது. தலைவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குளத்து விளிம்பில் உட்கார்ந்து, எல்லாப் பக்கமும் முகம் காட்டிக்கொண்டிருந்தார்.

மரநிழலில் இரண்டே பேர்தான் மிச்சம்.

ஆணையர் பிழையம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் கடுகடுப்பு அப்படியே இருந்தது. பார்வை குளத்தின் மேல்.

“நூலகத்துக்கு வந்த ஏ.சி. எட்டு மாசமாப் பெட்டியிலேயே கிடக்கும்மா,” என்றார், உதடு அதிகம் அசையாமல். “அடுத்த இதழ்ல ஒரு வரிக்கு இடம் இருக்குமா?”

“இருக்கு சார்,” என்றார் பிழையம்மா. அவரும் குளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா இன்னிக்கு நீங்க திட்டினது, நாம பேசி வச்சதைவிட ரொம்ப ஜாஸ்தி. அதனால நூலகம் ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருக்கும்னும் சேர்த்துப் போடுவேன்.”

ஆணையர் கொஞ்சம் யோசித்தார்.

“எட்டரை,” என்றார்.