பசங்க உள்ள போகணும்

"பசங்க ஹாலுக்குள்ள போகணும்ணே, இந்தக் கேட்டைத் தொறந்து விடுங்க. ஏர்கான் போட்டாச்சு, மேசைல மாஸ்க் வச்சாச்சு. ஒருத்தர்கூட வெளிய நிக்கக் கூடாது, ரூல் லா."

சிங்கப்பூரில், தெம்பனிஸ் பகுதியில் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்தின் நிர்வாக வேலைகளைப் பார்ப்பவர் மோகனப்பிரியா. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து சொன்னவர், பதிலுக்கு நிற்காமல் அடுத்த கட்டடத்துக்கு ஓடினார்.

காலையிலிருந்தே புகைமூட்டம். வானம் மஞ்சளாகி, எதிரே இருக்கும் அடுக்குமாடி பிளாக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கேயோ காடு எரிகிற வாடை தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

கேட் சாவி முத்துசாமியிடம்தான் இருந்தது. பசங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. காலையில் வண்டியிலிருந்து இறக்கி ஆள் எண்ணுவது, நேரத்துக்குச் சாப்பிட வைப்பது, சாயங்காலம் திரும்ப ஏற்றி அனுப்புவது எல்லாம் அவர்தான்.

புகை ஏறினால் பசங்களை வெளியே விடக் கூடாது என்று இந்த ஊரில் விதி இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான். கேட்டைத் திறந்தார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். திடலின் மூலையில் நின்ற பசங்க கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள்.

அவருடைய கண் நிதீஷைத்தான் தேடியது. எல்லாருக்கும் பின்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தான். மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

முந்தின நாள்தான் அவனுடைய அம்மா முத்துசாமிக்குப் போன் செய்திருந்தார். "இழுப்பு உள்ள புள்ள அவன். உங்கள நம்பித்தான் அனுப்பி வச்சிருக்கேன்" என்று சொல்லி அழுதார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவரும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு தூக்கம் வரவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று காலையில் கூப்பிட்டதற்கு நிதீஷ் மறுத்துவிட்டான். யாரிடமும் சொல்ல வேண்டாம், உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கெஞ்சினான்.

"அனுப்பட்டுமேடா. அம்மா கையால நாலு வேளை சாப்பிடலாம்ல."

நிதீஷ் சிரிக்கவில்லை.

ஹாலுக்குள் நுழைந்ததும் வேறு உலகமாக இருந்தது. நாலு மூலையிலும் காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. தரை அழுக்காகிவிடக் கூடாது என்று எல்லாரையும் வாசலிலேயே காலில் இருந்ததைக் கழற்றச் சொன்னார் முத்துசாமி. உள்ளே வந்தவர்கள் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு, சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

மேசையில் இருந்த மாஸ்க்தான் யாருக்கும் சரியாக இல்லை. மூக்கை மூடினால் தாடை வெளியே தெரிந்தது. காதில் மாட்டும்போதே கபிலனுடையது பட்டென்று அறுந்தது.

"யாருக்கு அளவெடுத்துத் தச்சாங்கன்னு தெரியல, குரங்குக்குட்டிக்குப் போல" என்றான்.

நிதீஷ் சிரித்துவிட்டான். பாதிச் சிரிப்பில் இருமல் வரும் என்று முத்துசாமி காத்திருந்தார். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தமும் அடங்கியது. அவன் சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போனான்.

முத்துசாமி போனை எடுத்து அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டார். எழுப்பிவிடாமல் தாழ்ந்த குரலில் பேசினார்.

"நல்லா தூங்குறான்மா. சுத்தமான காத்து வர்ற ரூமா பாத்து உக்கார வச்சிருக்காங்க. இந்த ஊர்ல பசங்கன்னா உசுரு. நீங்க கவலைப்படாம சாப்பிடுங்க."

அந்தப் பக்கம் அந்த அம்மா சாமியைக் கும்பிடுவது கேட்டது.

போனை வைக்கும்போது கதவு திறந்தது. மோகனப்பிரியா நின்றார். அவருக்குப் பின்னால் வெள்ளை ஷூ போட்ட சின்னஞ்சிறுசுகள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக.

அவர் வாசலைப் பார்த்தார். புதுக் கட்டட வேலையின் சிமெண்ட் அப்பிய பெரிய பூட்ஸ்கள் அங்கே ஜோடி ஜோடியாகக் கிடந்தன. பிறகு, காது அறுந்த மாஸ்க்கைப் பார்த்தார். தூங்குகிற நிதீஷைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. குரல்தான் இறங்கிப்போனது.

"அண்ணே, நான் சொன்னது படிக்கிற பசங்கள லா, உங்க பசங்கள இல்ல."