கோழிக்கூட்டுப் பலகை

கோழிகள் ஒரே நேரத்தில் அலறின.

அவள் ஈரக் கையோடு கொல்லைக்கு ஓடினாள். கீரி என்று நினைத்தாள்.

கீரி இல்லை. அவர்.

கூட்டின் முன்னால் அவள் கணவர் குனிந்து நின்றார். கதவு திறந்திருந்தது. ஏழு கோழிகளும் மூலையில் ஒண்டியிருந்தன.

அவர் கோழிக்கூட்டுப் பக்கமே வருகிறவர் அல்ல.

அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

கூட்டுக்குள் உமி பரப்பிய நாளிலிருந்தே தொல்லை. கோழிகள் காலால் பின்னுக்கு வாரி, அத்தனையையும் வெளியே இறைத்துவிடும். அவள் பெருக்கி அள்ளி உள்ளே போடுவாள். மதியத்துக்குள் மறுபடி வெளியே கிடக்கும். வெறும் சிமெண்ட் தரையில் இட்ட முட்டைகள் விரிசல் விட்டன.

“உங்க கோழிக கோலம் போடப் பழகிருச்சாட்ட இருக்குதுங்கக்கா!” என்று பக்கத்து வீட்டு ருக்குமணி மதில்மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை. சிரிப்பு வரவில்லை.

செங்கல் வைத்தாள். கோழிகள் அதன்மேல் ஏறி நின்று வாரின. சாக்கு கட்டினாள். இரண்டே நாளில் கிழிந்தது. கூட்டு வாசலின் அடியில், குறுக்கே ஒரு பலகை வேண்டும். ஒன்றரைச் சாண் உயரம்.

அந்த அளவில் வீட்டில் ஒரே ஒரு பலகைதான் இருந்தது.

இருக்கக் கூடாத பலகை.

மகள் வக்கீலாகப் பதிவு செய்த வாரம், அவர் ஈரோட்டில் சொல்லிச் செய்தது. தேக்கு. நீல எழுத்தில் மகள் பெயர். முன்வாசலில் மாட்டுவதற்கு இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டே வாங்கி வந்தார்.

மாட்டவில்லை. அதற்குள் மகள் தனக்குப் பிடித்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

“அந்தப் பேரு இனி இந்த ஊட்டுல கேக்கக் கூடாது. பலகைய வெந்நி அடுப்புல வை.”

அவர் நீளமாகப் பேசியது அதுதான் கடைசி. நான்கு மாதமாயிற்று. அதன் பிறகு சோறு, தண்ணி, சாவி. அவ்வளவுதான்.

அன்று அவள் பலகைக்குப் பதில் தென்னை மட்டையை எரித்தாள். பலகையைப் பழைய பாயில் சுருட்டிப் பரணில் போட்டாள்.

நான்கு நாளைக்கு முன் இறக்கினாள். பெயர் கூட்டின் உள்ளே பார்க்க, வெறும் மரம் வெளியே தெரிய, கம்பி கோத்துக் கட்டினாள். முன்வாசலுக்கென்று போட்ட அதே ஓட்டைகள்.

அன்றிலிருந்து கொல்லையில் ஒரு உமி விழவில்லை.

அதுதான் அவரை இழுத்து வந்திருக்க வேண்டும்.

அவர் பலகைக்கு மேலாகத் தலையை உள்ளே நீட்டினார். பிறகு நிமிர்ந்தார். அவளைப் பார்க்காமல், அவளைக் கடந்து வீட்டுக்குள் போனார்.

வெந்நீர் அடுப்பில் தணல் இன்னும் இருந்தது.

பயம் வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

உள்ளே இரும்புச் சாமான்கள் உருளும் சத்தம். கைக்கோடாலியும் அங்கேதான் இருக்கிறது.

அவர் குறடோடு வந்தார்.

கம்பியின் முறுக்கை அவிழ்த்தார். பலகையை உருவினார். எழுத்துகளின் மேல் எச்சமும் உமியும் அப்பியிருந்தன. கோகிலவாணி. முதல் எழுத்தின் குறுக்கே மூன்று நகக் கீறல்கள். நீலம் உரிந்து மரம் தெரிந்தது.

கட்டைவிரலால் அதைத் தடவினார்.

இப்போது அடுப்புக்குப் போகும் என்று அவள் வழிவிட்டு நகர்ந்தாள்.

அவர் பலகையைத் திருப்பினார். பெயர் வெளியே தெரியும்படி நிறுத்தி, ஓட்டைகளில் கம்பியைக் கோத்து, இறுக்கி முறுக்கினார்.

கோழிகள் மூலையை விட்டு வந்து மறுபடி வாரத் தொடங்கின. உமி பலகையின் வெறும் பக்கத்தில் மோதி உள்ளேயே விழுந்தது.

அவர் குறடைக் கீழே வைக்காமல் சொன்னார்.

“ஏம் புள்ள, பேர உள்பக்கமா வெச்சா கோழி கீறிப்போடாதா?”