டாட்டா காட்டிய படம்

காட்டுக்குள் உறுமும் இயந்திரங்களின் அதிர்வில் வன அலுவலகச் சுவரில் மாட்டிய படத்தின் கண்ணாடி கிணுகிணுக்கிறது. யாரைக் கேட்டு இயந்திரங்களை இறக்கினார்கள் என்று விசாரிக்க வந்த பெண்கள் அந்தப் படத்தையே வெறித்துக்கொண்டு நிற்கிறார்கள். படத்தில் இருப்பது அவர்களேதான். மரக்கன்று நட்ட அன்று எடுத்தது. காலடியில் கன்றுகள், முகமெல்லாம் சிரிப்பு, எல்லோருடைய வலக்கையும் தலைக்கு மேலே. "சுரங்கக் கம்பெனிக்குக் காட்டைக் குடுக்க எல்லாரும் கை தூக்கிச் சம்மதிச்சிருக்கீங்களேம்மா. இதோ, சாட்சி இருக்கே" என்கிறார் அதிகாரி, குரலை உயர்த்தாமல். முன்னால் நிற்பவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் கழுத்தில் கேமராவோடு சுவரோரம் ஒண்டி நிற்கும் தன் தம்பியைப் பார்க்கிறாள். "டாட்டா காட்டுங்கன்னு நீதானேடா சொன்ன?" அவன் துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைக்கிறான். "சரி, இவங்க வந்ததுக்கும் ஒரு போட்டோ எடுத்துடுப்பா. நேர்ல கூப்பிட்டுப் பேசினோம்னு இருக்கட்டும்" என்கிறார் அதிகாரி. தம்பி கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகிறான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பெண்கள் அத்தனை பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். "அக்கா, கொஞ்சம் சிரி" என்று பழக்கதோஷத்தில் அவன் வாயிலிருந்து வந்துவிடுகிறது.