நடுவில் ஒரு நீர்ப்படலம்

மெக்கானிக்கல் சீல் என்பது பம்பின் நீர் வெளியே கசியாமல் காக்கும் இரு வளையங்களின் குடித்தனம். கிறுகிறுவெனச் சுழலும் கரி வளையத்துக்கு, அசையாத பீங்கான் மனைவிமேல் அடங்காத ஆசை.

"எங்கள் நடுவில் உனக்கென்னடி வேலை?" என்று, இடையில் வழுக்கிய நீர்ப்படலத்தை அது தினமும் விரட்டும்.

ஒருநாள் பம்புக்கு நீர் தரும் தொட்டி வற்றியது; நீர்ப்படலமும் போயிற்று.

"இனி நாம் இருவர்தான், கண்ணே!" என்று கரி வளையம் மனைவியோடு ஒட்டிக்கொண்டு சுழன்றது. மறுகணமே பீங்கானிடமிருந்து கிரீச்சென்று ஓர் அலறல்.

"ஐயோ, சுடுகிறதே! நான் வெடித்துவிடுவேன், விலகுங்கள்!"

விலகத்தான் பார்த்தது. முதுகிலிருந்து அதை மனைவிமேல் அழுத்திக்கொண்டிருந்த ஸ்பிரிங் விடவில்லை.

நல்லவேளையாகத் தொட்டி நிரம்பி, நீர்ப்படலம் எட்டிப் பார்த்தது. "நான் எங்கே உட்காரட்டும், மாமா?"

"நடுவிலேயே உட்காரம்மா!" என்ற கரி வளையம், ஸ்பிரிங்கை முதுகால் நெட்டித் தள்ளி இடம் விட்டது.