சேனாபதியின் லீவு நாள்

குதிரை சவாரிக்கென்றே விடுமுறையில் ஆட்கள் வந்து தங்கும் மலை விடுதி அது. அங்கே சேனாபதி என்ற குதிரைக்கு விருந்தாளிகளை நினைத்தாலே சிரிப்பு.

"கடிவாளத்தை இழுத்ததும் நான் திரும்பிட்டேன்னு பூரிச்சுப் போறாங்க, பவுனி. அந்த இடத்துல பாதையே திரும்புது! எங்கே போகணும்னு முடிவு பண்றது நான்தான்" என்றது, மூட்டை சுமக்கும் கோவேறு கழுதையிடம்.

"அப்போ ஒருநாள் அருவிப் பக்கம் போங்களேன் அண்ணே. புல்லு முட்டி உசரத்துக்கு நிக்குது" என்றது பவுனி.

"முதுகுல ஆள் இருக்கே. லீவு கிடைக்கட்டும், அப்புறம் பாரு என்னை!"

மழைக்காலத்தில் ஆள்வரத்து நின்றது. முதலாளி சேணத்தைக் கழற்றிவிட்டு வெளிக்கதவையும் திறந்துவிட்டார். பவுனி நேரே அருவிக்கு ஓடி, வயிறு முட்ட மேய்ந்தது.

சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தால், சவாரி வரும் விருந்தாளிகள் எல்லோரும் குதிரைமேல் இருந்தபடி போட்டோ எடுத்துக்கொள்ளும் பாறைமேல் சேனாபதி நின்றிருந்தது. பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி, கழுத்தை நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல்.

"அண்ணே, அங்கே என்ன பண்றீங்க? இறங்கி வாங்க!" என்று பவுனி கத்தியது.

சேனாபதி தலையைத் திருப்பவில்லை.

"கொஞ்சம் இரு. இன்னும் போட்டோ எடுத்து முடிக்கல."