மலைவிளிம்பில் திரும்பும் பேருந்து

தாழ்நிலத்திலிருந்து இருபது மணி நேரம் ஏறிவந்த பேருந்து, லா பாஸ் நகரத்துக்கு மேலே மலைவிளிம்பில் திரும்புகிறது. மலை உயரத்தில் மூச்சுமுட்டி, அதற்குக் கைமருந்தான கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கியபடி, "ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுய்யா" என்று வழியெல்லாம் கணவன் எலாடியோவிடம் முனகிய நெமேசியா எழுந்து நிற்கிறாள். கீழே பள்ளத்தாக்கின் சுவரெல்லாம் செங்கல் வீடுகள். ஆயிரமாயிரம் தகரக் கூரைகள் காலை வெயிலில் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. அப்பால், மேகத்துக்கு மேலே, இல்லிமானி மலையின் பனி. பேருந்துக்குள் எல்லாரும் சன்னல் பக்கம் சாய்கிறார்கள். ஓட்டுநரும் வேகத்தைக் குறைக்கிறார். "இதுல நம்ம யோவானா வீடு எதுய்யா?" மூன்று வருடம் முன்பு படிப்பதற்காகத் தனியாக இதே பாதையில் வந்த மகள் அவள். எலாடியோ முகவரிச் சீட்டைப் பிரிக்கிறான், கூரைகளைப் பார்க்கிறான், சீட்டை மடித்துவைக்கிறான். நெமேசியா உட்காரவில்லை. "பதினெட்டு வயசுல இதைப் பார்த்துட்டு, திரும்பி ஓடி வராம உள்ள இறங்கியிருக்காளே நம்ம பிள்ளை."